விலையில்லா மடிக்கணினியின் இன்னொரு பாதி

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

2011-க்குப் பிறகு அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ பிளஸ் டூ படித்தவர்களிடம் ஒரு கேள்வி. உங்களுக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினியை முதன்முதலாக ஆன் செய்தபோது சில வரிகள் மட்டும் உள்ள ஒரு திரை வந்து நின்றது, நினைவிருக்கிறதா? அம்புக்குறி விசையால் மேலும் கீழும் நகர்த்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வரியில் விண்டோஸ். இன்னொரு வரியில் பாஸ் லினக்ஸ். எதையும் தொடாமல் விட்டால் சில நொடிகளில் தானாகவே ஒன்றுக்குள் போய்விடும். அந்த லினக்ஸ் வரிக்குள் எத்தனை பேர் போய்ப் பார்த்தீர்கள்?

நான் கேட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர், "அப்படி ஒண்ணு இருந்துச்சா டீச்சர்?" என்றுதான் திருப்பிக் கேட்டார்கள். ஒருவன் மட்டும், "இருந்துச்சு டீச்சர், வைரஸ்னு நெனச்சு அழிச்சிட்டோம்" என்றான்.

அது வைரஸ் இல்லையப்பா. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவில் உருவாக்கிய ஓர் இயங்குதளம். தமிழிலேயே பட்டியல்கள் வரும். தமிழில் தட்டச்சு செய்யலாம். அலுவலக வேலைக்கான மென்பொருள்கள் உள்ளேயே இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அதை எத்தனை கணினியில் வேண்டுமானாலும் நகலெடுத்துப் போட்டுக்கொள்ளவும், பிறருக்குக் கொடுக்கவும், உள்ளே பிரித்துப் பார்க்கவும், மாற்றவும் உங்களுக்கு உரிமை இருந்தது. பக்கத்தில் இருந்த விண்டோஸுக்கு அந்த உரிமை எதுவும் கிடையாது. ஒரே பெட்டிக்குள் இரண்டு வந்தன. இரண்டுக்கும் நாம் காசு கொடுக்கவில்லை. அதனால் இரண்டும் ஒரே மாதிரி 'இலவசம்' என்று நினைத்துவிட்டோம். இந்தப் பதிவு அந்த இரண்டாவது பாதி எங்கிருந்து வந்தது, எப்படிக் காணாமல் போனது என்பதைப் பற்றித்தான்.

தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: கட்டற்ற மென்பொருள். ஆங்கிலத்தில் விலை இல்லாததற்கும் கட்டுப்பாடு இல்லாததற்கும் ஒரே சொல்தான். அதனால் அவர்கள் இன்றுவரை விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு. ரேஷன் கடையில் விலையில்லா அரிசி வாங்குகிறோம், பொங்கிச் சாப்பிடுகிறோம், தீர்ந்துவிடுகிறது. கட்டற்றது விதைநெல் மாதிரி. விதைத்து, விளைத்து, பக்கத்து வீட்டுக்கும் ஒரு படி கொடுக்கலாம். யாரும் கேட்க முடியாது.

இந்த எண்ணத்தைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அங்கே இருந்த அச்சுப்பொறியில் காகிதம் அடிக்கடி சிக்கும். நிரலைத் திருத்திச் சரி செய்துவிடலாம் என்று நிரலைக் கேட்டால், அதை வைத்திருந்தவர் தர மறுத்துவிட்டார். பிறருக்குக் காட்டமாட்டேன் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாராம். ஒரு காகிதச் சிக்கலில் தொடங்கிய கோபம் 1983 செப்டம்பரில் 'குனு' திட்டமாக அறிவிக்கப்பட்டது. முழு இயங்குதளத்தையும் கட்டற்றதாக எழுதுவதுதான் திட்டம். 1989-இல் அதற்கென்று ஓர் உரிமமும் எழுதினார். நீ நகலெடுக்கலாம், மாற்றலாம், கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும்போது வாங்குபவருக்கும் இதே உரிமையைச் சேர்த்தே கொடுக்க வேண்டும். வழக்கமாக நகலெடுக்காதே என்று சொல்லப் பயன்படும் காப்புரிமைச் சட்டத்தையே எடுத்து, நகலெடுப்பதைத் தடுக்காதே என்று சொல்ல வைத்த கெட்டிக்காரத்தனம் அது.

குனு திட்டத்தில் பல பாகங்கள் தயாராகிவிட்டன. நடுவில் இருக்க வேண்டிய கெர்னல் மட்டும் இழுத்துக்கொண்டே போனது. கெர்னல் என்பது கணினியின் வன்பொருளுக்கும் மற்ற நிரல்களுக்கும் நடுவே நின்று வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பது. 1991 ஆகஸ்டில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒன்று எழுதிக்கொண்டிருப்பதாக இணையக் குழு ஒன்றில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. அடுத்த ஆண்டே அதை ஸ்டால்மனின் உரிமத்துக்குக் கீழ் கொண்டுவந்தார். அந்தக் கெர்னலும் குனு பாகங்களும் சேர்ந்ததைத்தான் இன்று லினக்ஸ் என்கிறோம்.

ஆனால் பாகங்கள் இருந்தால் மட்டும் போதாது. ஒரு சாதாரண மனிதன் தன் கணினியில் போட்டுக்கொள்ளும்படி யாராவது தொகுத்துத் தரவேண்டும். 1993 ஆகஸ்டில் இன்னொரு மாணவர், 20 வயது இயன் மர்டாக், டெபியன் என்ற தொகுப்பைத் தொடங்கினார். அவருடைய தோழி டெப்ரா, அவர் இயன். இரண்டு பெயரையும் சேர்த்து டெபியன். உலகம் முழுக்க உள்ள தன்னார்வலர்கள் இன்றுவரை அதைப் பராமரிக்கிறார்கள். உபுண்டு டெபியனிலிருந்து வந்தது. நம் பாஸ் லினக்ஸும் டெபியனிலிருந்து வந்ததுதான். ஒரு விதைநெல், பல வயல்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். இது மதுரைக்கு எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

இணையத்தில் இருக்கிறது, இறக்கிக்கொள்ளலாம் என்று சொல்வது சுலபம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் வீட்டுத் தொலைபேசி வழியாகத்தான் இணையம். மோடத்தின் வேகம் 56 கேபிபிஎஸ். அதுவும் ஏட்டளவில். அந்த வேகம் முழுதாகக் கிடைத்தாலும் விநாடிக்கு 7 கிலோபைட். லினக்ஸ் சிடி ஒன்று சுமார் 650 மெகாபைட். வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 26 மணி நேரம் வரும். நடுவில் ஒரு முறைகூட லைன் அறுபடக் கூடாது. அந்த 26 மணி நேரமும் வீட்டுக்கு யாரும் போன் செய்யவும் முடியாது. தொலைபேசிக் கட்டணத்தை நினைத்தால் வீட்டில் சோறு கிடைக்காது.

ஆகவே லினக்ஸ் இங்கே கம்பி வழியாக வரவில்லை, வட்டு வடிவில் கைக்குக் கைதான் வந்தது. 'பிசி குவெஸ்ட்' என்ற ஆங்கிலக் கணினி இதழ் அவ்வப்போது லினக்ஸ் சிடியை இதழோடு சேர்த்தே கொடுத்தது. இந்தியாவில் பல பேருக்கு முதல் லினக்ஸ் அதுதான். ஒருவர் வாங்கினால் ஒரு விடுதியே நகலெடுத்துக்கொள்ளும். சென்னையில் 1998 முதல் லினக்ஸ் பயனர் குழு ஒன்று கூடிப் பேசிவந்தது. பிறகு 2004 அக்டோபரில் உபுண்டு வந்தது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கியது. அவர்கள் ஒரு வேலை செய்தார்கள்: முகவரி எழுதிக் கேட்டால் உலகின் எந்த மூலைக்கும் சிடியைத் தபாலில் காசில்லாமல் அனுப்பினார்கள். 2011 ஏப்ரல் வரை அது நடந்தது. என் அண்ணன் மகன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டு முகவரிக்கும் ஒரு உறை வந்தது. தபால்காரர், "வெளிநாட்டுலேருந்து என்னம்மா வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

2005-இல் பி.எஸ்.என்.எல். அகலப்பட்டை வந்ததும் நிலைமை மாறியது. 256 கேபிபிஎஸ், அதாவது விநாடிக்கு 32 கிலோபைட். பகலில் அளந்துதான் கொடுத்தார்கள். அளவு தாண்டினால் பில் எகிறும். ஆனால் சில திட்டங்களில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை அளவே கிடையாது. நான் கணக்கு வாத்தியார் இல்லை என்றாலும் இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆறு மணி நேரம் என்பது 21,600 விநாடி. 32-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 675 மெகாபைட். சரியாக ஒரு சிடி! ஒரு ராத்திரிக்கு ஒரு லினக்ஸ். எங்கள் வீட்டுப் பையன் அலாரம் வைத்து 2 மணிக்கு எழுந்து இறக்கத்தைத் தொடங்கிவிட்டுப் படுப்பான். வீட்டில் அவனுக்கு ராக்கோழி என்றே பெயர். 2008-க்கு மேல் மின்வெட்டு வந்து சேர்ந்தது. 2012-இல் தென்மாவட்டங்களில் மின்சாரம் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமான நாட்கள் உண்டு. பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும் நிரலைப் பயன்படுத்தி, ஒரே வட்டை மூன்று ராத்திரியாக இறக்கியவர்கள் எல்லாம் இருக்கிறார்கள்.

இறக்கியது ஒரே ஒரு கோப்பாக வரும். அதற்கு ஐ.எஸ்.ஓ. கோப்பு என்று பெயர். சிடியில் தகவலை எப்படி அடுக்க வேண்டும் என்று உலகத் தர அமைப்பு 1988-இல் 9660 என்ற எண்ணில் ஒரு தரம் வகுத்தது. அந்த அமைப்பின் பெயர்ச் சுருக்கம்தான் கோப்புக்கும் ஒட்டிக்கொண்டது. இது வட்டின் அச்சு அசலான பிம்பம். முதல் துளியிலிருந்து கடைசித் துளி வரை எந்த வரிசையில் இருக்க வேண்டுமோ அந்த வரிசையில் உள்ளே இருக்கும். இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். கோப்பை மற்ற பாட்டுக் கோப்பு மாதிரி இழுத்து சிடியில் போட்டுவிட்டு, ஏன் கணினி தொடங்கவில்லை என்று கேட்பார்கள். அது அரிசி மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே அடுப்பில் ஏற்றியது போல. 'இமேஜை எழுது' என்ற தேர்வைக் கொடுத்து எழுத வேண்டும். அப்போதுதான் உள்ளே இருப்பவை வட்டில் தம் தம் இடத்தில் போய் உட்காரும்.

இன்னொன்றும் உண்டு, அதைப் பார்த்து நான் அசந்து போனேன். ஐ.எஸ்.ஓ. கோப்போடு நீளமான ஓர் எண்-எழுத்து வரிசையையும் வெளியிடுவார்கள். இறக்கிய கோப்பைக் கொடுத்து ஒரு நிரலை ஓட்டினால் அதே வரிசை வரவேண்டும். ஒரே ஒரு எழுத்து மாறி இறங்கியிருந்தாலும் வரிசை முழுதும் மாறிவிடும். விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒருவர் போட்ட கூட்டலை இன்னொருவர் மறுபடி போட்டுப் பார்ப்பார் அல்லவா? அதேதான். மூன்று ராத்திரி மின்வெட்டுக்கு நடுவே இறக்கிய கோப்பு முழுசா, மூளியா என்று வட்டை வீணாக்காமல் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. அன்றைக்கு ஒரு வெற்று சிடி வீணாவதும் மாணவனுக்குச் செலவுதான்.

இப்படிப் பொறியியல் கல்லூரி விடுதிகளுக்குள்ளும் சில வீடுகளுக்குள்ளும் சுற்றிக்கொண்டிருந்ததை அரசும் கையில் எடுத்தது. 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கென்று ஒரு தேசிய வள மையம் அமைந்தது. சென்னை சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யூ-கே.பி.சி. ஆய்வு மையமும் அதை நடத்தின. அதன் வழியே 2007 ஜனவரியில் பாஸ் லினக்ஸின் முதல் பதிப்பு வெளிவந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம்தான் பாஸ். பிறகு பள்ளிகளுக்கென்றே எட்யூபாஸ் என்று தனிப் பதிப்பும் வந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் தமிழ்நாட்டின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், ஊருக்கு உபதேசம் சொல்வதற்கு முன்னால் தம் நிறுவனத்துக் கணினிகளையே சூசி லினக்ஸுக்கு மாற்றினார். பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில் அப்போது ஸ்டார் ஆபீஸ்தான் பாடம். அந்த நூலைப் படித்துச் செய்முறைத் தேர்வு எழுதியவர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். ஆக, தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஓரளவு போடப்பட்டிருந்தது.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். உலகத்தில் வேறெங்கும் ஒரு மாநில அரசு இவ்வளவு மாணவர்கள் கையில் லினக்ஸ் இருக்கும் கணினியைக் கொடுத்ததாக நான் படித்ததில்லை. உசிலம்பட்டி, செல்லம்பட்டி, பேரையூர் பக்கமெல்லாம் வீட்டில் சைக்கிள்கூட இல்லாத பிள்ளை மடியில் கணினி. அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என் மாணவிகள் சிலர் அதை வைத்துத்தான் கல்லூரிப் படிப்பையே முடித்தார்கள்.

ஆனால் அந்த இன்னொரு பாதிக்கு என்ன ஆனது?

மடிக்கணினியோடு வந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். விண்டோஸ் 7-இன் ஆக அடிமட்டப் பதிப்பு. அதில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய கொடுமை உண்டா? தனக்குப் பிடித்த நடிகர் படத்தை வைக்க முடியவில்லை என்றதும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைக்காரர் இருநூறோ முந்நூறோ வாங்கிக்கொண்டு 'அல்டிமேட்' போட்டுக் கொடுத்தார். உரிமம் இல்லாத நகல். யாரும் அதைத் தவறு என்று நினைக்கவும் இல்லை, சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

விண்டோஸை மறுபடி போடும்போது அது வட்டின் தொடக்கத்தில் தன் குறிப்பை எழுதிக்கொள்ளும். அங்கே இருந்த 'க்ரப்' என்ற தேர்வுப் பட்டியல் போய்விடும். நான் முதலில் சொன்ன அந்தத் திரை அதுதான். லினக்ஸ் இருந்த பகுதி வட்டில் அப்படியே இருக்கும், ஆனால் உள்ளே போக வழி இருக்காது. வீடு இருக்கிறது, வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். லினக்ஸ் கோப்புகளை அடுக்கும் முறை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அந்த இடம் ஏதோ பயன்படாத இடம் மாதிரிக் காட்டும். "டீச்சர், ஹார்ட் டிஸ்க்ல பாதியக் காணோம்" என்று வந்தவர்களும் உண்டு. காணாமல் போனதை மீட்கக் கடைக்காரர் இன்னொரு நூறு வாங்கிக்கொண்டு அந்தப் பகுதியையும் அழித்து விண்டோஸோடு சேர்த்துவிடுவார். விலையில்லாமல் வந்ததை அழிக்க நம் பிள்ளைகள் காசு கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அழித்த அந்தப் பாதியில் பின்னணிப் படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

மென்பொருள் சரியில்லை என்று சிலர் சொல்வார்கள். அதிலும் உண்மை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் இணையத்துக்கு டேட்டா கார்டைத்தான் செருகினார்கள். அது லினக்ஸில் பல நேரம் முரண்டு பிடிக்கும். சில அச்சுப்பொறிகளும் அப்படியே. கணக்கு எழுதும் இடங்களில் டேலி வேண்டும். அதைவிடப் பெரிய தடை நம் தமிழ்தான். அரசு அலுவலகங்களில் வானவில், டி.டி.பி. கடைகளில் பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் வாரி இறைத்தது போல் இருக்கும். 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. ஆனால் பழக்கம் மாற ஆண்டுகள் பிடித்தன. அலுவலகம் போக வேண்டிய பிள்ளை அலுவலகத்தில் இருப்பதைத்தானே பழகுவான்?

இருந்தாலும் இதெல்லாம் தீர்க்க முடியாதவை அல்ல. குமுளி மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் கேரளம். அங்கே 2001-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள் மட்டும் என்று முடிவெடுத்தார்கள். ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி. பயிற்சி பெற்றவர்களிலிருந்தே மற்றவர்களுக்குப் பயிற்சியாளர்கள். பாடநூல் அதையே ஒட்டி எழுதப்பட்டது. பத்தாம் வகுப்பில் கணினிச் செய்முறைத் தேர்வு லினக்ஸில். வகுப்பில் மலையாளத்திலேயே தட்டச்சு. 2017 முதல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக நடக்கிறது. பள்ளிகளுக்கான லினக்ஸ் தொகுப்பை அவர்களே தயாரிக்கிறார்கள். கேரளம் மாணவர் ஒவ்வொருவருக்கும் மடிக்கணினி கொடுக்கவில்லை. நாம் கொடுத்தோம். அவர்கள் வாத்தியாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே, துணைக்கருவியை வகுப்புக்குள் கொண்டுபோகும் முன் அதை ஆசிரியர் கையாண்டு பார்க்க வேண்டும் என்பதுதான். லட்சக்கணக்கான துணைக்கருவிகளை வகுப்புக்குள் அனுப்பிய நாம் அந்தப் படியை மட்டும் தாண்டிக் குதித்துவிட்டோம். மடிக்கணினி வரலாற்றுப் பிரிவு, வணிகவியல் பிரிவு மாணவர்களுக்கும் கிடைத்தது. அவர்களுக்குக் கணினி ஆசிரியரே கிடையாது.

2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழ்நாடு அரசு சொன்னது. பெரிய மாற்றம் எதையும் என் கண்ணால் பார்க்கவில்லை. 2018-இல் வந்த புதிய பதினோராம் வகுப்புப் பாடநூலில்தான் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டுவுக்கும் பாடம் வைத்தார்கள். நல்ல வேலை. ஏழு வருடம் முன்னால் வந்திருக்கலாம்.

ஆனால் முற்றிலும் வீண் என்றும் சொல்லமாட்டேன். அந்த வரிக்குள் போய்ப் பார்த்த சில பிள்ளைகள் இருந்தார்கள். 2012-இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் லினக்ஸைப் பற்றித் தமிழிலேயே எழுதத் தொடங்கியது. எளிய தமிழில் மின்னூல்களும் வந்தன, அவையும் கட்டற்ற உரிமத்திலேயே. இயங்குதளத்தின் பட்டியல்களில் 'கோப்பு', 'திருத்து' என்றெல்லாம் தமிழில் வருகிறதே, அவற்றைப் பெரும்பாலும் மொழிபெயர்த்தவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். சில சொற்கள் கரடுமுரடாக இருக்கும். எனக்குச் சிவப்பு மையை எடுத்துத் திருத்தக் கை துறுதுறுக்கும். திருத்தலாம் என்பதுதான் அதன் சிறப்பே. யாருக்கும் மனுப் போட வேண்டியதில்லை, மொழிபெயர்ப்புக் குழுவில் சேர்ந்து திருத்தத்தை அனுப்பலாம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்காது. நல்ல நிலையில் இருக்கும் கணினிகளையெல்லாம் எடைக்குப் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். உங்கள் பரணில் அந்த விலையில்லா மடிக்கணினியும் கிடக்கும். இரண்டையும் எடைக்குப் போடாதீர்கள்.

விண்டோஸ் 10 ஓடிய கணினி என்றால் டெபியன், லினக்ஸ் மின்ட் எதுவும் நன்றாக ஓடும். 2 ஜிபி நினைவகம் மட்டும் உள்ள பழைய மடிக்கணினி என்றால் லுபுண்டு மாதிரி இலகுவான தொகுப்பு. அதிலும் இணையப் பக்கங்களை வரிசையாகத் திறந்துவைத்தால் திணறும். நினைவகத்தைக் கூட்டி, சுழலும் வட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் ஒரு பள்ளிப் பிள்ளைக்குத் தாராளமாகப் போதும். இப்போது சிடியும் வேண்டாம், ராக்கோழியாக விழிக்கவும் வேண்டாம். ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற நிரலால் பென் டிரைவில் எழுத வேண்டும். இங்கேயும் இழுத்துப் போட்டால் வேலைக்காகாது, அரிசி மூட்டைக் கதைதான். எழுதும்போது பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கணினியை ஆன் செய்யும்போது எஃப் 12 போன்ற விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும். விசை கணினிக்குக் கணினி மாறும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், வட்டில் எதையும் தொடாமலே லினக்ஸ் ஓடும். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, தமிழ் தெரிகிறதா என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளலாம்.

பிடித்திருந்தால் மட்டும் நிறுவுங்கள். அதற்கு முன் கல்யாணப் போட்டோ, குழந்தை போட்டோ, சான்றிதழ் நகல் எல்லாவற்றையும் வேறொரு இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். நிறுவும்போது ஓர் இடத்தில், முழு வட்டையும் அழித்துவிட்டு நிறுவவா, இருப்பதற்குப் பக்கத்தில் நிறுவவா என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் இரண்டு முறை படியுங்கள். சந்தேகம் வந்தால் அதை அப்படியே போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பகலில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டீச்சர் தூங்கிவிடுவாள்.